நீதிமன்ற அலுவலகத்தில் மேற்பார்வைப் பொறுப்புக்கு வந்தவர்களுக்கான முகாமைத்துவப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் உள்ள நீதிமன்றங்களில் இலிகிதராகச் சேர்ந்து பதிவாளராக ஓய்வுபெற்றவன் நான். (இலிகிதர் என்ற சொல் போய் முகாமைத்துவ உதவியாளர் என்று வந்துவிட்டது. வாய் மட்டும் இன்னும் பழையதைத்தான் சொல்கிறது.) புதிதாகப் பதவி உயர்ந்த தம்பி தங்கச்சிமார் பயிற்சிக்குப் போகுமுன்னும் போய் வந்த பின்னும் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சில கேள்விக்கு இரண்டு வரி போதும். சிலவற்றை விளக்காமல் விடமுடியாது.

இந்தப் பயிற்சி யாருக்கு?

பதிவாளர், பிரதிப் பதிவாளர், பிரதம இலிகிதர், பிஸ்கால் கிளைக்கு (அழைப்பாணைகளையும் கட்டளைகளையும் கொண்டுபோய்ச் சேர்ப்பிக்கும் கிளை) பொறுப்பானவர், சான்றுப் பொருள் அறைக்குப் பொறுப்பானவர். பதவியின் பெயர் எதுவானாலும், இன்னொருவர் செய்யும் வேலைக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டி வந்துவிட்டதென்றால் இது உங்களுக்குத்தான். ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்று, பொத்துவில் போன்ற இடங்களில் ஆள் குறைவு. அங்கே ஒருவரே மூன்று கதிரையில் இருப்பார். அவருக்கு மற்றவர்களை விட அதிகம் தேவை.

18 வருசம் வேலை செய்தவன் நான். படிவமும் தெரியும், நடைமுறையும் தெரியும். எனக்கு எதற்குப் பயிற்சி?

இந்தக் கேள்வியை ஒரு காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன். அதற்குக் கிடைத்த பதிலைச் சொல்கிறேன்.

ஒரு நீதிமன்றத்தில் முதல் முறையாகப் பொறுப்புக்கு வந்த காலம். தாபரிப்புப் பணக் (மனைவி பிள்ளைகளின் செலவுக்கென்று நீதிமன்றம் ஊடாகக் கொடுக்கும் காசு) கொடுப்பனவில் முன்பு ஒரு பிழை நடந்திருந்தது. அதனால் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் நானே பார்த்து நானே ஒப்பமிட்டால்தான் சிறாப்பர் (காசாளர்) காசு கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். கையெழுத்து ஒன்றும் தவறாது, கணக்கும் சுத்தமாக இருந்தது. பெருமையும் இருந்தது. ஒருநாள் பெரியம்மாவின் செத்தவீட்டுக்கு லீவு போட்டுவிட்டு மகிழூருக்குப் போய்விட்டேன். அன்று தாபரிப்புக் காசு கொடுக்கும் நாள்.

மறுநாள் காலை 8.30க்கு அலுவலகப் படியில் ஒரு அம்மாவும் மகளும், மகளின் மடியில் கைக்குழந்தையும். படுவான்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள். அந்த அம்மா சண்டை பிடிக்கவில்லை. "நேத்து மூண்டு மணி மட்டும் குந்திக்கொண்டு இருந்த நாங்க மனே. ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. நீங்க வந்தாத்தான் காசெண்டு ஒரு புள்ள சொல்லிச்சு" என்றார். முதல்நாள் பஸ் காசு, இன்றைய பஸ் காசு இரண்டையும் கழித்தால் வாங்கப்போகும் தொகையில் எவ்வளவு மிஞ்சும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும்.

என் அலுவலகத்தில் அன்று ஐந்து பேர் இருந்தார்கள். ஐவருக்கும் வேலை தெரியும். ஒருவருக்கும் அதிகாரம் எழுத்தில் இல்லை. அரச பணத்தைக் கையாளும் விதிகளில் ஒன்றான நிதிப் பிரமாணம் 135 இதற்காகத்தான் இருக்கிறது: அனுமதிப்பது யார், அங்கீகரிப்பது யார், அத்தாட்சிப்படுத்துவது யார், காசைக் கொடுப்பது யார் என்று பெயர் குறித்துக் கையளிக்க வேண்டும், பதில் ஆளையும் சொல்லவேண்டும். பரீட்சைக்கு அதைப் பாடமாக்கி எழுதிச் சித்தியடைந்தவன் நான். வாழ்க்கையில் செய்யவில்லை.

நல்ல இலிகிதர் தன் மேசையைச் சுத்தமாக வைத்திருப்பார். மேற்பார்வைக்கு வந்தவர் பார்க்கவேண்டியது வழக்கேடு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும் வழியை. அது எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, அது நிற்பதால் வெளியே வாங்கில் யார் இருக்கிறார் என்பதை. என் விசயத்தில் அது என்னிடம்தான் நின்றது.

பயிற்சியில் அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்?

தாபனக் கோவை (அரச அலுவலர்களின் சேவை விதிகள்), நிதிப் பிரமாணங்கள், பெறுகை (கொள்வனவு) நடைமுறை, ஒழுக்காற்று நடவடிக்கை: இவை எப்படியும் வரும். தூக்கம் வரும் பகுதிகளும் இவைதான், ஆனால் கணக்காய்வு வினவல் வந்து மேசையில் விழுந்த பிறகு அவற்றைத் தேடுவதைவிட வகுப்பில் விழித்திருப்பது நல்லது. அதற்கு மேல் வேலைப் பகிர்வு, ஆட்களோடு பேசும் விதம், வழக்கோட்ட முகாமைத்துவம் (வழக்கு தேங்காமல் நகரப் பார்ப்பது), பதிவேட்டுப் பாதுகாப்பு, பொதுமக்கள் சேவை. வழக்கோட்டம் பற்றிய பகுதி நிரலில் இருந்தால் வேறு எதைத் தவறவிட்டாலும் அதைத் தவறவிடாதீர்கள். மற்றவை எல்லாத் திணைக்களத்துக்கும் பொது, இது நமக்கு மட்டும்.

எங்கே நடக்கும்? மாகாண சபைப் பயிற்சிக்கு நாங்கள் போகலாமா?

நீதிமன்றம் மாகாண சபையின் கீழ் இல்லை. எனவே கிழக்கு மாகாண அலுவலர்களுக்கென்று திருகோணமலையில் நடப்பது நமக்கு இயல்பாக வராது. நீதிச் சேவை ஆணைக்குழுவும் நீதி அமைச்சும் ஒழுங்கு செய்பவை கடிதமாக நீதிமன்றத்துக்கு வரும். கொழும்பில் இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவகம் அரச அலுவலர்களுக்குப் பல கற்கைநெறிகளை நடத்துகிறது. 1966இல் தொடங்கிய நிறுவகம், 1982ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் இன்றைய வடிவம் பெற்றது. 1985ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நீதிபதிகள் நிறுவகம் வேறு. பெயரே சொல்வதுபோல அது முதன்மையாக நீதிபதிகளுக்கு.

விண்ணப்பிக்கும்போது மொழிமூலத்தைக் கேட்டு எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். தமிழ்மூலம் என்று நம்பிப் போய் மூன்று நாள் சிங்கள விரிவுரை கேட்டுவிட்டு, தேத்தண்ணியும் குடித்து, சான்றிதழோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

தீர்வு வீதம், தவணை உறுதி என்றெல்லாம் சொல்கிறார்கள். அவை எங்கிருந்து வந்தவை? நம் நீதிமன்றத்துக்குப் பொருந்துமா?

நீதிமன்ற முகாமைத்துவம் தனிப் படிப்பாக வளர்ந்தது அமெரிக்காவில். அங்கே நீதிமன்ற முகாமைத்துவ நிறுவகம் 1970இலும், மாநில நீதிமன்றங்களுக்கான தேசிய மையம் 1971இலும் தொடங்கின. அந்த மையம் 2005இல் ஒரு நீதிமன்றம் தன்னைத்தானே அளந்துகொள்ள 10 அளவுகோல்களை வெளியிட்டது. பத்தும் நமக்கு வேண்டியதில்லை. ஜூரிமாரை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதும் அதில் ஒன்று. நீதவான் நீதிமன்றத்தில் அதை வைத்து என்ன செய்வது? மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது தீர்வு வீதம். ஒரு மாதத்தில் 240 வழக்கு புதிதாகப் பதிவாகி 210 முடிந்தது என்று வையுங்கள். 210ஐ 240ஆல் வகுத்தால் 87.5 வீதம். நூறுக்குக் கீழே நின்றால் அலுமாரி நிரம்பிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். இதை வழக்கு வகை வகையாகப் போடவேண்டும். மோட்டார் வாகன வழக்குகள் தண்டம் கட்டியதும் அன்றே முடியும். அவற்றையும் கூட்டிப் போட்டால் வீதம் அழகாகத் தெரியும், பின்னால் தாபரிப்பும் காணியும் உறங்கும்.

இரண்டாவது தவணை உறுதி. விசாரணைக்கென்று வைத்த நாளில் விசாரணை உண்மையில் நடந்ததா? ஒரு வழக்குக்கு எத்தனை முறை விசாரணைத் தவணை போடப்பட்டது? முடிந்த வழக்கேடுகளில் ஒரு இருபதை எடுத்து எண்ணிப் பாருங்கள், அரை நாள் வேலை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: வழக்கேடு கைக்கு வர எடுக்கும் நேரம். எழுமாறாகப் பத்து இலக்கங்களைத் துண்டில் எழுதி, ஒவ்வொன்றையும் எடுத்துவரச் சொல்லி நேரம் பாருங்கள். நான் செய்த முதல் தடவை ஏழு வந்தது. எட்டாவது முதலியாரின் (நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்) மேசை லாச்சிக்குள். ஒன்பதாவது தட்டச்சுக்குப் போய் இரண்டு மாதம். பத்தாவது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் அறையில் கதவுக்குப் பின்னால் இருந்த கோப்புக் கட்டுக்குள்.

வழக்கை ஒத்திவைப்பது நீதிபதியின் தீர்மானம். அதில் பதிவாளர் என்ன செய்ய முடியும்?

தீர்மானம் அவருடையது, சந்தேகமே இல்லை. ஒத்திவைக்கக் காரணம் மேசையில் வந்து நிற்பதற்கு முன்னால் அதைக் காணக்கூடியவர் நீங்கள்.

விசாரணைத் தவணைக்குப் பத்து நாள் முந்தி வழக்கேட்டைத் திறவுங்கள். சாட்சிகளின் அழைப்பாணை சேர்ப்பிக்கப்பட்டதா? வழக்கை விசாரித்த பொலிஸ் உத்தியோகத்தர் இப்போது எந்த நிலையத்தில்? ஒரு சார்ஜன்ட் காத்தான்குடியிலிருந்து அம்பாந்தோட்டைக்கு மாறிப் போனபின் பழைய நிலையத்துக்கே அழைப்பாணை அனுப்பிக்கொண்டிருந்தால் அது திரும்பித்தான் வரும். அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்துவிட்டதா? வைத்தியரின் அறிக்கை? சந்தேகநபர் விளக்கமறியலில் என்றால் சிறைச்சாலைக்கு அறிவித்தல் போய்விட்டதா? சான்றுப் பொருள் கையில் இருக்கிறதா?

இதை ஒரு தாளில் ஆறு கட்டமாக அடித்து, வழக்கேட்டின் உள்அட்டையில் ஒட்டிவிடலாம். குறை இருந்தால் முன்கூட்டியே நீதிபதியின் கவனத்துக்கு ஒரு குறிப்பு. அவர் அந்த நாளில் வேறு வழக்கைப் போட்டுக்கொள்வார், அல்லது நினைவூட்டக் கட்டளையிடுவார். பொத்துவிலில் இருந்து கல்முனைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் மீனவருக்கு "இன்றைக்கு இல்லை, மார்ச்சில் வா" என்று சொல்லும் தடவைகள் இதனால் குறையும்.

அழைப்பாணை "வீடு பூட்டியிருந்தது" என்று திரும்பித் திரும்பி வருகிறது.

ஒரே கையெழுத்தில், ஒரே வாசகத்தில் பத்து அறிக்கை வந்தால் வீடு பூட்டியிருக்கவில்லை, பிஸ்கால் சேவகர் போகவில்லை. ஏசுவதற்கு முந்தி அவருடைய பாதையைக் கேளுங்கள். வெல்லாவெளிக்கு ஒன்று, வவுணதீவுக்கு ஒன்று, வாகரைக்கு ஒன்று என்று ஒரே நாளில் கொடுத்திருந்தால் பிழை நம் பக்கம். பிரதேசவாரியாகக் கட்டிக் கொடுங்கள். அறிக்கையில் எத்தனை மணிக்குப் போனார், பக்கத்து வீட்டில் யாரிடம் கேட்டார், கிராம உத்தியோகத்தர் என்ன சொன்னார் என்று மூன்று வரி கேளுங்கள். பாதி ஆள் கட்டாரில் இருக்கிறார் என்ற விசயம் அப்போதுதான் வெளிவரும்.

சான்றுப் பொருள் அறையைப் பொறுப்பேற்கச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் நல்லது. "பட்டியலின்படி பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வைக்காதீர்கள். ஒவ்வொன்றாக எண்ணி, கண்ணால் கண்டதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். குறைவதைப் பெயர் சொல்லி எழுதி, அன்றே நீதிபதிக்கு அறிக்கையிடுங்கள். நேரம் போகும். முன்னவர் முகம் சுளிப்பார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து விழுந்த பிறகு ஒரு சங்கிலி குறைந்தால் நிதிப் பிரமாணம் 104இன்படி நட்டம் பற்றிய விசாரணை முதலில் உங்களைத்தான் தேடி வரும்.

அந்த அறைக்குள் போனால் முதலில் வருவது மணம். கசிப்பு அடைத்த பிளாஸ்டிக் கலன்கள், மூடி இளகி நிலத்தில் கசிந்து, சீமெந்து கறுத்திருக்கும். சுவரோரம் கத்தி, மண்வெட்டி, ஒரு பெண்ணின் செருப்புச் சோடி. துண்டில் இலக்கம் எழுதிய மை வெளிறி 7ஆ 1ஆ என்று தெரியாது. வெளியே முற்றத்தில் டயர் அமிழ்ந்த மோட்டார்சைக்கிள்களும் மணல் ஏற்றிப் பிடிபட்ட உழவு இயந்திரமும், ஊடே கொடி படர்ந்தபடி. நம் பக்கம் கார்த்திகை மார்கழி மழையில் வெள்ளம் வராத வருசம் குறைவு. கீழ்த்தட்டில் கடதாசிப் பொதி வைக்காதீர்கள், பென்சிலாலும் எழுதி வையுங்கள். மை கரையும், பென்சில் கரையாது. காசும் தங்கமும் பாதுகாப்புப் பெட்டிக்குள், இரண்டு திறப்பு, இரண்டு கை.

வழக்கு முடிந்து, மேன்முறையீட்டுக் காலமும் கடந்தபின் பொருளை அழிப்பதோ ஏலம் விடுவதோ உரியவரிடம் கொடுப்பதோ நீதிமன்றக் கட்டளையோடு உடனுக்குடன் நடந்தால் அறை நிறையாது. அதற்கு மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள்.

நேற்று வரை "மச்சான்" என்று கூப்பிட்டவர்களுக்கு இன்று நான் மேலதிகாரி. எப்படி நடந்துகொள்வது?

மச்சான் மச்சானாகவே இருக்கட்டும், வெளியே. அலுவலகத்துக்குள் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போடும் நேரம் எல்லோருக்கும் ஒன்று. முதல் வாரமே மச்சான் வந்து ஒப்பமிடுமுன் கோடு விழவேண்டி வந்தால் அதைப் போட்டுவிடுங்கள், பிறகு பெரிய கதை இருக்காது.

பிழையைச் சொல்வது தனியாக, கதவைச் சாத்தி. ஆளைப் பற்றி வேண்டாம், தாளைக் கையில் வைத்துக்கொண்டு. "நீங்க எப்பவும் இப்பிடித்தான்" என்று தொடங்கினால் அவர் உங்கள் பழைய பிழைகளை எடுப்பார், அவருக்கு எல்லாம் தெரியும். "இந்த வழக்கேட்டில் 12ஆம் திகதிக் கட்டளை இன்னும் தட்டச்சாகவில்லை, என்ன தடை?" என்று கேட்டால் பதில் ஒன்று வரும். பதினெட்டு வருசம் மூத்த ராத்தாவோ அக்காவோ உங்களுக்குக் கீழே இருந்தால் கட்டளை போடுமுன் ஒரு தரம் யோசனை கேளுங்கள். அநேகமாக அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

லீவு வரிசைதான் பெரிய தலையிடி.

நம் இடத்தில் இது சுலபமாகவும் இருக்கலாம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் என்றால் தமிழ் அலுவலர்கள் கேட்பார்கள். நோன்புக் கடைசியிலும் பெருநாளுக்கும் முஸ்லிம் அலுவலர்கள். தை மாதமே நாட்காட்டியை மேசையில் விரித்து அவர்களையே பேசி மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, பொறுப்பானவர் நடுவே வந்து தீர்ப்புச் சொன்ன இடங்களில்தான் மனஸ்தாபம் வந்தது. வெள்ளி ஜும்ஆ நேரத்தில் கருமபீடத்தில் யார் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள்.

வேலை செய்யாத ஒருவரை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றிவிட முடியாதா? எம்பி ஒருவரைத் தெரியும்.

எம்பியை மறந்துவிடுங்கள். பதிவாளர் முதற்கொண்டு அட்டவணைப்படுத்தப்பட்ட (அரசியலமைப்பில் பதவி குறிக்கப்பட்ட) அரசாங்க அலுவலர்களின் நியமனம், இடமாற்றம், ஒழுக்கக் கட்டுப்பாடு நீதிச் சேவை ஆணைக்குழுவிடம். பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர் இருவரும் அதன் உறுப்பினர்கள். கடமைக்குப் புறம்பாக அந்த ஆணைக்குழுவின் தீர்மானத்தில் செல்வாக்குச் செலுத்துவதும் அதற்கு முயல்வதும் அரசியலமைப்பின்படியே குற்றம். உங்களிடம் உள்ளது திகதி போட்ட குறிப்பும், நீதிபதி ஊடான அறிக்கையும்தான். குறிப்பு இல்லாமல் "நெடுகப் பிந்தி வருவார்" என்று எழுதினால் விசாரணையில் அது நிற்காது.

மொழி விசயத்தில் மேற்பார்வையாளர் என்ன கவனிக்கவேண்டும்?

கல்முனையில் தமிழில் நடக்கும் வேலை அம்பாறை நகரத்தில் சிங்களத்தில் நடக்கும். ஒரே மாவட்டம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, 1988இன் 16ஆம் திருத்தத்துக்குப் பிறகு, நீதிமன்ற மொழியைப் பற்றிச் சொல்கிறது. அதில் நம் தலையில் விழும் ஒரு வரி உண்டு: மேன்முறையீட்டை விசாரிக்கும் நீதிமன்றத்தின் மொழி வேறென்றால், பதிவேடுகள் அந்த மொழியிலும் ஆயத்தம் செய்யப்படவேண்டும். தமிழில் எடுத்த இருநூறு பக்கச் சாட்சியம் கொழும்புக்குப் போகுமுன் மொழிபெயர்ப்பாளரின் மேசையில் எவ்வளவு நாள் கிடக்கிறது என்று ஒரு பதிவேடு வையுங்கள். மேன்முறையீட்டுக்காரர் சிறைக்குள் இருந்தால் அந்த வரிக்குச் சிவப்பு அடையாளம் போடுங்கள். இருக்கும் ஒரே மொழிபெயர்ப்பாளரைக் காலை முழுக்கத் திறந்த மன்றில் நிற்கவைத்துவிட்டு, பின்னேரம் கடிதங்களும் மொழிபெயர்க்கக் கொடுத்தால் அந்தக் கட்டு அசையாது.

"தேத்தண்ணிக் காசு" வாங்குகிறார்கள் என்று கதை வருகிறது. ஆதாரம் இல்லை.

ஆளை வேவு பார்க்காதீர்கள். கோவையைப் பாருங்கள். பிரதி கேட்டு விண்ணப்பித்தவர்களில் ஒருவருக்கு அன்றே கிடைக்கிறது, மற்றவருக்கு மூன்று வாரம் என்றால் காரணம் இருக்கும். விண்ணப்பம் வந்த திகதி, கட்டணம், கொடுத்த திகதி மூன்றையும் வரிசை இலக்கத்தோடு சுவரில் தெரியப் போட்ட ஒரு நீதிமன்றத்தில் கதை தானாகவே அடங்கிப் போனதை நான் கண்டிருக்கிறேன். வாங்குவது உறுதியென்றால் மறைத்துக் காப்பாற்றப் போகாதீர்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது. இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கம் பொதுமக்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

கருமபீடத்தில் வந்து "கேஸ் வெல்லுமா சேர்?" என்று கேட்கிறார்கள்.

அடுத்த தவணை, கட்டவேண்டிய கட்டணம், எந்தப் படிவம், எந்த அறை: சொல்லுங்கள், விளங்கும்வரை சொல்லுங்கள். வெல்லுமா, என்ன சொல்லவேண்டும், எந்தச் சட்டத்தரணி நல்லவர்: சொல்லாதீர்கள். வசதியில்லாதவர்களைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள், வழியைத் துண்டில் எழுதிக் கொடுங்கள். அவர்களில் பலர் வாசிக்கத் தெரிந்தவரிடம் அந்தத் துண்டைக் காட்டித்தான் போவார்கள், எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

வழக்கேட்டுப் பக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

வேண்டாம். சிறுவர் சம்பந்தப்பட்ட வழக்கென்றால் நினைக்கவும் வேண்டாம்.

எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம்தான். இந்த வயதில் பயிற்சிக்குப் போகத்தான் வேண்டுமா?

போகாமல் விடுங்கள், இளையவருக்கு அந்த இடம் கிடைக்கட்டும். அந்த மூன்று நாளையும் பதிவேட்டு அறைக்குள் செலவழியுங்கள். பாகப்பிரிவினை வழக்குகள் அப்பன் காலத்தில் தொடங்கி மகன் காலத்தில் தவணை கேட்பவை. அவற்றின் பழைய வரைபடங்கள் எந்த இறாக்கையில், எந்த ஆண்டுக் கட்டு சூறாவளிக்குப் பிறகு மாற்றி அடுக்கப்பட்டது, வலப்பக்க அலுமாரியின் திறப்பு ஏன் இடப்பக்கத்தில் தொங்குகிறது என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி, ஒவ்வொரு பக்கத்துக்கும் இலக்கம் போட்டு, உங்களுக்குப் பின் வருபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போங்கள்.